முப்பத்தெட்டாவது நிமிஷம்

வலது பக்கம் சுவர், இடது பக்கம் தவமணி. நடுவில் வசமாக மாட்டிக்கொண்டான் வீரணன். நாற்காலி முதுகில் வெள்ளைத் தாளில் பேர் எழுதி ஒட்டியிருந்தார்கள், கல்யாணப் பந்தியில்கூட இந்தக் கெடுபிடி கிடையாது. மண்டபத்துக்குள் நுழைந்ததுமே கடைசி வரிசையில் கதவோரமாக ஒரு நாற்காலியைப் பார்த்து வைத்திருந்தான், மூச்சு முட்டினால் எழுந்து போய்விடலாம் என்று. அதற்குள் கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் ஓடிவந்து, சார் நீங்கதான் ஹீரோ, முன்னாடி வாங்க என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்து இந்த மூலையில் சொருகிவிட்டுப் போனது. ஹீரோவாம். ஐம்பத்து மூன்று வயசு, இடது முட்டி மடங்காது, ஹீரோ. தோளில் ஒரு பொன்னாடை வேறு, கழுத்தோரம் அரிக்கிற ஜரிகை, எடுத்து மடியில் வைக்கலாமா என்று பார்த்தால் மரியாதைக் குறைவாகப் போய்விடுமோ என்று பயம். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. வெளியே பதினொரு மணி வெயில் தேனி ரோட்டில் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே ஏசி எலும்பில் இறங்கியது. படம் சரியாகப் பதினொன்று பத்துக்குத் தொடங்கியது, அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டான். மொத்தம் ஐம்பத்திரண்டு நிமிஷம். அந்த இடம் முப்பத்தெட்டாவது நிமிஷம். ஆக பதினொன்று நாற்பத்தெட்டு. பத்தோடு முப்பத்தெட்டைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தான், ஒவ்வொரு தடவையும் நாற்பத்தெட்டுதான் வந்தது. எழுந்து போவதென்றால் தவமணியின் முழங்காலைத் தாண்டித்தான் போக வேண்டும். எக்ஸ்கியூஸ் மீ என்றா சொல்வது, சுருளியின் பெண்சாதியிடம்?

திரையில் மலை வந்தது. மேலே பறந்து எடுத்திருக்கிறார்கள், ஊசிமுட்டுப் பாறை அவ்வளவு அழகாகவா இருக்கிறது, முப்பது வருஷம் அதன்மேல் ஏறி இறங்கியவனுக்கு அதன் தலை எப்படி இருக்கும் என்றே தெரியாது. பாறை பாறையாக, கரடு கரடாக, நடுவில் கத்தியால் கீறியதுபோல அந்தச் சரிவு. அதைப் பார்க்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரையின் ஓரத்தைப் பார்த்தான். ஓரத்திலும் மலைதான். படம் எடுத்த பையன் ஸ்டீபன், நல்ல பிள்ளை, மூன்று மாசம் டீக்கடை மாடியில் தங்கி, எல்லார் வீட்டிலும் சாப்பிட்டு, எல்லாரையும் அண்ணே அக்கா என்று கூப்பிட்டு எடுத்தான். போன வாரம் போன் பண்ணி அவன்தான் சந்தோஷமாகச் சொன்னான், அண்ணே, அந்தப் புள்ளையோட ஃபிரெண்டு எதிர்ப் பாறையில நின்னு செல்போன்ல எடுத்தது கிடைச்சிருச்சுண்ணே, உங்க குரல் அவ்வளவு சுத்தமா இருக்கு, பின்னணி இசையையே நிறுத்திட்டேன், அந்த இடத்துல உங்க குரல் மட்டும்தான், முப்பத்தெட்டாவது நிமிஷம், பாருங்க மண்டபமே அழும் என்று. வீரணன் போனைக் காதில் வைத்தபடி சரி தம்பி, சரி தம்பி என்றான். அதைத் தவிர என்ன சொல்வது, அந்த இடத்தை வெட்டி எறிந்துவிடு என்றா? ஏன் என்று கேட்பான். ஏன் என்று சொல்ல முடிந்தால் இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்க மாட்டானா. வயிற்றுக்குக் கீழே முட்டிக்கொண்டு வந்தது, காலையில் குடித்த இரண்டு டம்ளர் காபி. போய்விட்டு வந்து உட்கார்ந்திருக்கலாம், புத்தி எங்கே போனது. பதினொன்று பத்தொன்பது.

அண்ணே, குளிருதா, என்றாள் தவமணி, திரையைப் பார்த்தபடியே. இல்ல தாயி, என்றான். முந்தானையில் முடிந்திருந்த கிராம்பு ஒன்றை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள், வாயில போட்டுக்கங்க, சூடா இருக்கும். அவன் போட்டுக்கொண்டான். சுருளி வாயிலும் எப்போதும் கிராம்பு இருக்கும், பீடியை நிறுத்தச் சொல்லி இவள் பழக்கியது. அவன் பேசினால் கிராம்பு வாசம் வரும், தடி இறக்கும்போதுகூட. கிராம்பு நாக்கைக் கடித்தது. இவள் நல்லவளாக இல்லாமல் இருந்திருக்கலாம். வாயாடியாக, சண்டைக்காரியாக, கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவளாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். இவளோ நாள் கிழமைக்குப் பணியாரம் சுட்டு மகளிடம் கொடுத்து அனுப்புகிறாள், கடைசி வரைக்கும் அப்பாகூட நின்னவர் இந்தப் பெரியப்பாதான் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். பணியாரம் தொண்டையில் இறங்காது. ஒருநாள்கூட இறங்கியதில்லை, தண்ணீர் ஊற்றித்தான் தள்ளுவான்.

திரையில் இப்போது தடி வேலையைக் காட்டினார்கள். சில்வர் ஓக் மரம் வெட்டி, சரிவில் வடக்கயிற்றில் இறக்குகிற வேலை. யாரும் கேட்காமலே குரல் ஒன்று விளக்கம் சொன்னது, பாறையோடு போராடும் மனிதர்கள் அது இது என்று. போராட்டமெல்லாம் ஒன்றுமில்லை, மூன்று சொல்தான் அந்த வேலை. மேலே மரத்தில் வடத்தை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருப்பவனுக்குக் கீழே தடி எங்கே போகிறதென்று தெரியாது, தெரியவும் கூடாது, அவன் கண் மரத்தில் இருக்க வேண்டும், காது மட்டும் சத்தம் கொடுக்கிறவனிடம். சத்தம் கொடுக்கிறவன் விளிம்பில் நிற்பான். அது வீரணன், இருபத்தைந்து வருஷமாக. தயாரானதும் வடம் பிடிக்கிறவன் சொல்லுண்ணே என்பான். அதோடு அவன் வாய் மூடிவிடும். கொடு என்றால் கயிறு கொடுப்பான். பிடி என்றால் பிடிப்பான். மூன்றாவது சொல் ஒன்று இருக்கிறது, தடி தரையில் படுத்த பிறகு, ஒரே ஒரு தடவை சொல்வது. அதைக் கேட்டதும் வடம் பிடித்தவன் சுற்றை உதறி, கயிற்றை எறிந்து, இரண்டு எட்டுப் பின்னால் போய்விட வேண்டும், ஓடுகிற கயிறு காலைச் சுற்றினால் ஆளே போய்விடுவான். யோசிக்கக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது. அதனால் சரிவில் நிற்கிறவரைக்கும் அந்தச் சொல்லை வேறு எதற்கும் எவனும் வாயில் எடுக்கக் கூடாது, பேச்சுவாக்கில்கூட. பீடியைப் பறித்தால்கூட கையை எடுடா என்றுதான் சொல்வார்கள். வீட்டிலும் அதே பழக்கம். சுருளி மகள் கோழிக்குஞ்சை இறுக்கிப் பிடித்தால் தவமணி, கீழ போடு, கீழ போடு என்பாளே ஒழிய அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டாள். ஊரே சிரிக்கும். சரிவுக்கு வெளியே வந்து பார்த்தால் தமிழில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு பேச்சு உண்டா. மழை விட்டது. பள்ளிக்கூடம் விட்டது. பஸ்ஸை விட்டாச்சு, மூச்சை விடு, கவலையை விடு. சுருளியைப் புதைத்துவிட்டு வந்தபோது எத்தனை பேர் தோளில் தட்டிச் சொன்னார்கள், விடு வீரணா, நம்ம கையில என்ன இருக்கு, விடு. ஒவ்வொரு விடுவுக்கும் உள்ளே ஒரு கயிறு ஓடியது. பதினொன்று இருபத்தெட்டு.

மண்டபம் சிரித்தது. டீக்கடை சாகுல் பாய் திரையில், கடை முன்னால் நின்று பேசுகிறார். ஃபாரஸ்ட்டுக்கும் ஃபயர் சர்வீஸுக்கும் போன் போட்டாச்சு, வர மூணு மணி நேரமாகும்னாங்க, மலை பாக்க வந்த காலேஜ் புள்ள வழுக்கி வேரைப் புடிச்சுத் தொங்குது, மூணு மணி நேரம் தொங்குமா, கடைத் தார்ப்பாயைக் கட்டியிருந்த கயிறையே அவுத்துக்கிட்டு ஓடுனேன், திரும்பி வந்தா பால் பூரா பொங்கி அடுப்பே அணைஞ்சு போச்சு என்கிறார். அவருக்குப் பின்னால் அங்கன்வாடி டீச்சர் ரோஸ்லின், ஜீப் ஓட்டுகிறவர்கள், கோயிலுக்கு வந்த யாரோ நாலு பேர். பாவம், ஒருத்தருக்கும் கயிறு வேலை தெரியாது. பாப்பாவுக்குக் கட்டிய கயிற்றை அவர்கள்தான் பிடித்திருந்தார்கள். பாப்பாவை மீட்க இறங்கிய சுருளியின் கயிற்றை, தடிக்குப் போலவே மேலே மரத்தில் சுற்றி, பவுன்ராசு பிடித்திருந்தான். தவமணியின் கூடப்பிறந்த தம்பி, சுருளிதான் தொழிலுக்குக் கூட்டிவந்து பழக்கியது, வடம் பிடிப்பதில் அவனை அடிக்க ஆள் கிடையாது. அத்தானுக்கு நான்தான் புடிப்பேன் என்று அவனே வந்து நின்றான். அந்த வேடிக்கையை யாரிடம் சொல்லி அழ. தொழில் தெரியாத அத்தனை பேரும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தெரிந்தவன் ஒருத்தன்.

அப்புறம் வீரணனின் சொந்த முகமே வந்தது, திரை முழுக்க, கன்னத்து மரு எலுமிச்சம்பழம் அளவுக்கு. எங்களால ஆனதைச் செஞ்சோம், என்றது அந்த முகம். வீரணனுக்கு அதைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. எவ்வளவு சாதுவாக வைத்துக்கொண்டிருக்கிறான் முகத்தை, கள்ளன். எங்களால ஆனது. முன்வரிசையிலிருந்து அந்தப் பாப்பா, ஓவியா, திரும்பி அவனைப் பார்த்துக் கையைக் கூப்பியது. இப்போது வேலைக்குப் போகிறதாம், நன்றாக இருக்கட்டும், நூறு வயசு இருக்கட்டும், அதன்மேல் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. அது என்ன செய்யும். பயந்த பிள்ளை, வேரை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது. சுருளி பக்கத்தில் தொங்கிக்கொண்டே அதன் இடுப்பில் கயிற்றைக் கட்டி முடித்து, அண்ணே, வேரை மட்டும் புடிச்சுக்கிருக்கு, நான் சொன்னா கேக்க மாட்டேங்குது, நீ சொல்லுண்ணே என்றான். கிராம்பை மென்றுகொண்டுதான் சொன்னான், சிரித்துக்கொண்டுகூட. கையை எடு பாப்பா என்றான் வீரணன். கையை எடு. கையை எடும்மா. மூன்று தடவை. சத்தியமாக மூன்று தடவை. இந்த மூன்றை இரண்டு வருஷமாக அவன் யாருக்கோ எண்ணிக் காட்டிக்கொண்டே இருக்கிறான். நான் விட மாட்டேன், விட்டா விழுந்துருவேன் என்று அது கதறியது. அந்தச் சொல்லை அதுதான் முதலில் சரிவுக்குள் கொண்டுவந்தது. குழந்தை கேட்ட பாஷையில்தானே குழந்தைக்குப் பதில் சொல்வோம்.

பதினொன்று முப்பத்தொன்பது. பொன்னாடைக்குள் வியர்த்தது. எழுந்துவிடலாம், முழங்காலைத் தாண்டி, ஒண்ணுக்குப் போறேன் தாயி என்று சொல்லிவிட்டு. போகலாம். போனாலும் அவள் இங்கே உட்கார்ந்து கேட்பாள். அவன் இருந்து கேட்பதும் இல்லாமல் கேட்பதும் ஒன்றா? ஓடிப்போனான் என்று ஆகிவிடும். ஓடித்தானே போனான், இரண்டு வருஷத்துக்கு முன்னால், உட்கார்ந்த இடத்திலேயே. போலீஸ்காரர் நோட்டை விரித்துக்கொண்டு என்ன நடந்துச்சு என்று கேட்டார். வீரணன் வாயைத் திறப்பதற்குள், உண்மையாகவே திறந்தான், அதற்குள் பவுன்ராசு சொல்லிவிட்டான், என் கை நழுவிருச்சு சார். அதோடு எழுதிக்கொண்டார்கள். அது போகட்டும். அதைக்கூட ஒருமாதிரி மென்று முழுங்கியிருக்கலாம். எட்டாம் நாள் காரியம் முடிந்து, பம்ப்செட்டில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு பவுன்ராசு பக்கத்தில் வந்து நின்றான். கண் சிவந்து கிடந்தது. அண்ணே, ஒண்ணு கேக்கவா, நீ அப்ப அந்தச் சொல்லைச் சொன்னியா, இல்ல எனக்குத்தான் அப்படிக் கேட்டுச்சா? அவ்வளவுதான் கேட்டான். ஆமாண்டா என்ற ஒரு வார்த்தை போதும். பிள்ளை அன்றைக்கே படுத்துத் தூங்கியிருப்பான். வீரணன் துண்டைப் பிழிந்தான். பிழிந்த துண்டை மறுபடி பிழிந்தான். காத்துடா, என்றான். காத்துல என்னென்னமோ கேக்கும்.

காத்துடா. இதைச் சொன்ன வாய்தான் இங்கே கிராம்பு சுவைத்துக்கொண்டிருக்கிறது. அவன் தன் காதையே நம்பாமல் போய்விட்டான். அதற்கப்புறம் வடத்தைத் தொடவில்லை, மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கப் போய்விட்டான். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் இரண்டு தடவை, என்னையவா, என்னையவா கூப்புட்ட என்று கேட்கிறானாம். தவமணி அவனுக்குக் கதவைச் சாத்தினாள். எம் புருசனைக் கைநழுவ விட்டவன் எனக்குத் தம்பி இல்லை என்று ஊர் நடுவில் சொன்னாள். வீரணனும் அங்கேதான் நின்றான், வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு. மாசம் ஒருமுறை பவுன்ராசுவுக்குப் போன் பண்ணுவான். எடுத்ததும் சொல்லுண்ணே என்பான் அவன், பழக்கம். வீரணன் சாப்புட்டியா என்பான், மழை உண்டா என்பான், வச்சிர்றேன் என்பான். பதினொன்று நாற்பத்தைந்து. பதினொன்று நாற்பத்தாறு. கரண்டு போகக் கூடாதா. தேனியில் தினமும் போகிற கரண்டு இன்றைக்குப் போகவில்லை பாருங்கள்.

இசை நின்றது. மண்டபத்தில் யாரோ இருமியது கேட்டது. திரையில் படம் ஆடியது, செல்போனில் எடுத்தது, தூரத்தில் பாறை, பாறையில் இரண்டு புள்ளி, விளிம்பில் ஒரு ஆள் குனிந்து நிற்கிறான். மேலே மரமும் மரத்தடியும் படத்தில் விழவில்லை, பவுன்ராசு படத்திலேயே இல்லை. முதலில் காற்றுச் சத்தம். வீரணன் கண்ணை மூடினான். மூடினால் இன்னும் நன்றாகக் கேட்டது. கையை எடு பாப்பா. அவன் குரல்தான், இவ்வளவு வயசு குறைந்த குரலா அது. கையை எடு. கையை எடும்மா. மூன்று. சரியாக மூன்று, எண்ணிக்கை தப்பவில்லை. விட மாட்டேன், விட்டா விழுந்துருவேன். அப்புறம் அந்தக் குரல், எதற்கும் அவசரமில்லாத ஒரு தகப்பன் குரல், பாறையில் மோதித் திரும்பி மண்டபமெல்லாம் நிறைந்தது. விடு பாப்பா. விடு. நாங்க இருக்கோம்ல, விடு. திரையில் சின்னஞ்சிறு கை இரண்டும் வேரைவிட்டு விரிந்தன. அந்த இடத்தில் படத்தை உறைய வைத்திருந்தான் ஸ்டீபன். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. ரோஸ்லின் டீச்சர் அழுதாள், ஓவியா அழுதது, வெள்ளைச் சட்டை போட்ட யாரோ பெரிய மனுஷர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லோருக்கும் அது ஒரு நல்ல வார்த்தையாகக் கேட்டது. எழுந்து நின்றவர்கள் முதுகுக்கு நடுவே உட்கார்ந்தே இருந்தவர்கள் இரண்டு பேர்தான். தவமணியின் கை இரண்டும் மடியில் கிடந்தன.

படம் ஓடியது. அந்த விளக்கக் குரல் வந்து, கயிற்றைப் பிடித்திருந்தவரின் கை நழுவியதில் என்று ஆரம்பித்து சுருளியின் போட்டோவைக் காட்டியது. தவமணி போட்டோவைப் பார்க்கவில்லை. அண்ணே, என்றாள். ம், என்றான். அவள் குரல் உயரவில்லை, கிராம்பு வேணுமா என்று கேட்ட அதே குரல். மூணு வாட்டி கையை எடுன்னீங்க. ஆமா தாயி. அதுக்கப்புறம் அதைச் சொன்னீங்க. ஆமா. சத்தமாவா சொன்னீங்க? சத்தமாத்தான் சொன்னேன் தாயி, புள்ளைக்குக் கேக்கணும்ல. விரலால் புடவைக் கரையை நீவி நீவி மடித்தாள். அப்ப அவன் கை நழுவல, என்றாள். இல்ல, என்றான் வீரணன். இந்த இல்லையைச் சொல்ல இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது, சொன்னதும் பாரம் ஒன்றும் இறங்கவில்லை. போன கார்த்திகையில மழையில வந்து நின்னான், என்றாள் தவமணி. அக்கா, அக்கான்னு கூப்புட்டான். உள்ள சோறு வெந்துக்கிட்டு இருந்துச்சு. நான் தொறக்கல. அவள் கன்னத்தில் தண்ணீர் இறங்கியது, துடைக்கவில்லை. தாயி, நான், என்று ஆரம்பித்தான். நீங்க ஒண்ணும் எங்கிட்ட சொல்ல வேணாம், என்றாள். அவன் நம்பரு இருக்கா?

விளக்கு போட்டுவிட்டார்கள். வெளிச்சம் கண்ணில் குத்தியது. மைக்கில் அந்த அட்டை மாட்டிய பெண், நம்ம ஹீரோ திரு. வீரணன் அவர்களை மேடைக்கு அன்போடு அழைக்கிறோம் என்றது. எல்லாத் தலையும் அந்த மூலைக்குத் திரும்பியது. தவமணி முழங்காலை நகர்த்தவில்லை. அவன் சட்டைப்பையிலிருந்து பட்டன் போனை எடுத்தான், பொன்னாடை நழுவித் தரையில் விழுந்தது, யாரும் எடுக்கவில்லை. பேரைத் தேடி அழுத்தி அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. மொத நீங்க, என்றாள். மணி அடித்தது. மைக்கில் இரண்டாம் தடவை பேரைச் சொன்னார்கள், கொஞ்சம் சிரித்துக்கொண்டே, அண்ணன் வெட்கப்படுறாரு போல என்று. எடுக்காமல் போகட்டும் என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நினைத்தான். அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். மருந்தடிக்கிற மெஷின் சத்தம், பிறகு அது நின்றது.

சொல்லுண்ணே, என்றான் பவுன்ராசு.

பவுனு, என்றான் வீரணன். அக்கா பக்கத்துல இருக்கு. உனக்குச் சரியாத்தான்டா கேட்டுச்சு.